தண்ணீர் புரளும் மாதம்

ஜூன் 30

எரிக்கு ஒரு கால் போட்டால் ஏரி.

தோபா ஏரியின் முழு வரலாறும் இவ்வளவுதான். எழுபத்து நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு மலை எரிந்தது. சும்மா எரிச்சல் இல்லை, வயிற்றெரிச்சல். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு, வெறும் வயிறாகி, தனக்குள்ளேயே சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழை பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. எ காலை நீட்டி உட்கார்ந்து ஏ ஆகிவிட்டது.

பூகோள டீச்சர் விடுமுறை வேலை கொடுத்திருக்கிறார்: ‘நமது ஏரி: இயற்கை வரலாறும் மனித வரலாறும்.’ அவருக்கு இந்தோனேசிய மொழியில் எழுதவேண்டும். அதில் எரிக்குக் கால் போட முடியாது. அதனால் நல்ல வரிகளை எல்லாம் மேடான் அத்தை அனுப்பிய இந்த டைரியில் தமிழில் போட்டுவைக்கிறேன். அத்தை வீட்டில் ஐந்து வருஷம் தங்கித் தமிழ் படித்ததற்கு இதுவரை வேறு பயன் இல்லை.

மனித வரலாறு: அப்பாவின் கொள்ளுத்தாத்தாவை டச்சுக்காரன் புகையிலைத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவந்தான். அப்பா மேடானிலிருந்து இந்த ஏரிக்கு மீன் வாங்க வந்தார், மீனோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார், அம்மா வரமாட்டேன் என்றதால் தானே இங்கே தங்கிவிட்டார். அம்மா பாத்தாக் இனம். ஏரிக்கரையிலேயே பிறந்தவள். அவர்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பிள்ளைகள். தமயந்தி ஆகிய நான், பதினாறு வயது. அண்ணன் ஜெயசீலன்.

அண்ணன் ஏரியில் இருக்கிறான்.

போன டிசம்பர் மழையில் கெராம்பாவின் கயிறு அறுந்தது. கெராம்பா என்றால் தண்ணீரில் மிதக்கிற மீன் கூண்டு. மேலே மரச்சட்டம், கீழே பை மாதிரி தொங்கும் வலை. எங்களுக்குப் பன்னிரண்டு. கயிற்றைக் கட்டப் போனவன் வரவில்லை. படகு மட்டும் வந்தது. எங்கள் குடாவில் கெராம்பாவைத் தாண்டினால் அடி கிடையாது. முங்கித் தேடியவர்கள் மூன்றாம் நாள் கையை விரித்துவிட்டார்கள். அவ்வளவு ஆழத்தில் தண்ணீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாம், மேலே விடாதாம்.

இதை டீச்சருக்கு எழுதப்போவதில்லை. மனித வரலாறு என்ற தலைப்புக்குப் பொருத்தம்தான் என்றாலும்.

ஜூலை 2

காலையில் நிலாவுக்குச் சோறு போட்டேன்.

இங்கே திலேப்பியா மீனுக்குப் பெயர் நிலா. ஊர் உலகத்தில் எல்லாரும் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறூட்டுவார்கள். நான் நிலாவுக்கே ஊட்டுகிறேன். தீவனத்தை அள்ளி வீசினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வந்து விழும்.

படகுத்துறையில் அண்ணன் எழுதிவைத்த பலகை இன்னும் இருக்கிறது. ‘செருப்போடு கெராம்பா ஏறுகிறவன் கழுதை.’ சட்டத்தில் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் செருப்பைத் துறையிலேயே கழற்றிவிடவேண்டும். இது அண்ணன் போட்ட சட்டம். மரச்சட்டத்துக்கு எழுதிய சட்டம். பாத்தாக்கிலும் எழுதி, எனக்காகத் தனியாகத் தமிழிலும் எழுதினான், கீழே ‘ஏறுகிறவளும்’ என்று சேர்த்து.

மதியம் துலாங் வந்தார். இங்கே தாய்மாமனுக்குத் துலாங் என்று பெயர். அம்மாவின் தம்பி, மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் காப்பியில் அந்தாலிமான் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு மிளகு. நாக்கு மரத்துப்போய் ஒரு மணி நேரம் வேற்று ஆள் நாக்கு மாதிரி இருக்கும். துலாங் குடித்தார். “பூத்தெட், காப்பி நல்லா இருக்கு” என்றார். பூத்தெட் என்றால் பாத்தாக்கில் பொண்ணே. மறுபடி ஒரு வாய் குடித்தார்.

முன்பெல்லாம் துரத்துவார். டிசம்பரிலிருந்து என்னை யாரும் துரத்துவதில்லை. இப்படி இருந்தால் என் ஏமாற்றுத் தொழிலை நடத்துவது கஷ்டம்.

ஜூலை 5

காற்று. வேறொன்றும் எழுத இல்லை.

ஜூலை 8

நாலு நாளாகத் தெற்கிலிருந்து ஒரே காற்று. ஏரி ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. மீன்வளத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு. கம்பியில் ஒரு கருவியைத் தொங்கவிட்டு எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். துறையில் கெராம்பாக்காரர்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

“மேல் தண்ணி குளிர்ந்துகிட்டு வருது. காத்து இப்படியே அடிச்சா ஏரி புரளும். கீழ இருக்கிற கெட்ட தண்ணி மேல வரும். அதுல காத்துச்சத்து கிடையாது. மீன் மூச்சுத்திணறிச் செத்துடும். பெரிசா இருக்கிறதை இப்பவே பிடிச்சு வித்துடுங்க. மத்த கூண்டுகளைக் குடா வாய்ப் பக்கம் இழுத்துட்டுப் போங்க. தீவனத்தை நிறுத்துங்க.”

எல்லாரும் விலை விழுமே என்று கத்தினார்கள். அப்பா மட்டும் கத்தவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் அருகில் போய்க் கேட்டார்.

“கீழ இருக்கிறது மேல வரும்னீங்களே. எவ்வளவு கீழ இருந்து வரும்?”

“முப்பது, நாப்பது மீட்டர் இருக்கலாம் ஐயா.”

“அதுக்கும் கீழ?”

“அதுக்குக் கீழ பெரும்பாலும் அசையாது.”

“இந்தத் தீவே ஏரிக்கு அடியில இருந்து மேல வந்ததுன்னு எம்பொண்ணு பாடப் புத்தகத்துல போட்டிருக்கே.”

அது உண்மை. எதிரே கிடக்கிற சாமோசிர் தீவு ஒரு காலத்தில் ஏரியின் தரை. அடியில் நெருப்புக் குழம்பு முட்டித் தள்ளித் தரையையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டது. தீவின் உச்சியில் தோண்டினால் ஏரிச் சேறு வரும். போன வாரம் நான்தான் சோற்றுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டி அப்பாவுக்கு விளக்கினேன். தீவுக்கு மேலே குட்டி ஏரி இருக்கிறது, அதாவது ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி, ‘ஏரிப் பிள்ளை’ என்றேன். பிள்ளை என்ற சொல்லுக்கு அப்பா சாப்பாட்டை நிறுத்தியதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அதிகாரி சிரித்தார். “அதுக்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆச்சு ஐயா.”

“ஆனா வந்துச்சுல்ல?” என்றார் அப்பா.

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கம்பியைச் சுருட்டிக்கொடுத்தேன்.

ஜூலை 9

குடா முழுக்க லாரிச் சத்தம். எல்லாரும் மீனை வாரி ஏற்றுகிறார்கள். கூண்டுகளை மோட்டார் படகில் கட்டி இழுக்கிறார்கள். ஊர்வலம் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. எங்களுடைய பன்னிரண்டு மட்டும் நின்ற இடத்திலேயே.

“நம்மளது எப்பப்பா?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா? நிலா செத்தா அமாவாசைப்பா.”

அவர் சிரிக்கவில்லை. சுமாரான ஜோக்தான்.

சாயங்காலம் துலாங் ஒரு துணிமூட்டையோடு வந்தார். அது எனக்குத் தெரியும். பாத்தாக் வழக்கத்தில் செத்தவனின் மேல் போர்த்தும் துணியைத் தாய்மாமன் கொண்டுவரவேண்டும். கறுப்பும் சிவப்புமாக நெய்தது. நம்மில் கோடி போடுவதுபோலத்தான். டிசம்பரில் வாங்கியது, ஏழு மாசமாக அவர் வீட்டில் இருக்கிறது. போர்த்துவதற்குத்தான் யாரும் இல்லை.

“லாயே” என்றார் துலாங். மச்சான் என்று அர்த்தம். “செத்தவன் துணியை ஏழு மாசம் வீட்டுக்குள்ள வச்சிருக்கேன். எம்பொண்டாட்டி அந்த அறைக்குள்ள போறதில்ல. ஒரு வாழைத்தண்டை வச்சாவது போர்த்தி அனுப்பிடுவோம். உங்காளுங்களும் புல்லுல உருவம் பண்ணிக் காரியம் பண்ணுவாங்கன்னு நீதான் சொன்னே.”

“புல்லுக்கு நான் அப்பன் இல்ல” என்றார் அப்பா.

துலாங் மூட்டையை எங்கள் வீட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னிடம் அந்தாலிமான் காப்பிகூடக் கேட்கவில்லை.

ஜூலை 10

ஏரிக்குப் பாத்தாக்குகள் சொல்லும் கதை வேறு. ஒரு மீனவன் பொன்மீன் பிடித்தான். அது பெண்ணாகி அவனைக் கட்டிக்கொண்டது. நான் மீன் என்பதை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டது. ஒரு பையன் பிறந்தான். பசிக்காரன். அப்பனுக்குக் கொண்டுபோன சோற்றை வழியிலேயே தின்றுவிட்டான். அப்பன் ஆத்திரத்தில், “மீனுக்குப் பொறந்த பயலே” என்று கத்திவிட்டான். வானம் பிளந்தது. ஊர் முழுகியது. ஒரு பொட்டலம் சோற்றுக்காக இவ்வளவு தண்ணீர். டீச்சருக்கு இதை எழுதி, ‘பாடம்: சோற்றை இரண்டு பொட்டலமாகக் கட்டவும்’ என்று முடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் சொல்லக்கூடாத ஒரு சொல் உண்டு. டிசம்பரில் மழையைப் பார்த்துக்கொண்டே, “போய்க் கட்டிட்டு வாடா” என்று சொன்னவர் அப்பா. ஏழு மாசமாக அம்மா அதைப்பற்றி வாயைத் திறந்ததில்லை. எங்களோடு சேர்ந்து அதுவும் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போகும்.

இன்று மதியம் துறையில் அம்மா வந்து நின்றாள். அம்மாவின் தமிழ் மரியாதையும் மரியாதை இல்லாததும் கலந்தது.

“எல்லாரும் மீன் எடுத்தாச்சு. நீ மட்டும் ஏன் எடுக்கலைங்க?”

“புரளட்டும்.”

“புரண்டா மீன் செத்துப்போகும்ங்க.”

“வலை இருக்கட்டும் ரோஸ்மா. கீழ இருந்து ஏதாவது வந்தா வலையிலதானே மாட்டும்.”

அம்மா அவரையே பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டாள். முகம் ஒரு பக்கமாக இழுத்தது.

“அவன் வரமாட்டான். நீதானே அனுப்பினே.”

அவ்வளவுதான். மழை பெய்யவில்லை, ஊர் முழுகவில்லை. பக்கத்தில் யாரோ லாரியில் பனிக்கட்டி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா செருப்பைக் கழற்றிப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டுப் படகில் ஏறினார்.

ஜூலை 11

அப்பா வரவில்லை. கெராம்பாவில் தீவன மூட்டைக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கேயே படுத்திருக்கிறார். சோறு கொண்டுபோனேன். வழியில் பாதி தின்னவில்லை.

ஜூலை 13

காற்று கூடிவிட்டது. அப்பாவைக் கரைக்குக் கொண்டுவரவேண்டும். டிசம்பரிலும் இப்படிக் காற்று மழையோடு அடித்துத்தான் கயிறு அறுந்தது. அம்மா சொல்லி வரமாட்டார், அம்மா சொல்லவும் மாட்டாள். துலாங்கைக் கண்டால் முதுகைக் காட்டுகிறார். மிச்சம் இருப்பது நான்தான். என் கையில் இருப்பது ஒரே தொழில்தான்.

முதல் முயற்சி: எனக்கு வயிற்றுவலி. படகில் உருண்டு புரண்டேன். அப்பா ஓமத்தண்ணி கொடுத்தார். கொட்டகையில் ஓமத்தண்ணி வைத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்!

ஜூலை 14

இரண்டாம் முயற்சி: மேடான் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கிக் காத்திருக்கிறாள் என்றேன்.

“அத்தை பஸ்ஸுல ஏறினா வாந்தி எடுப்பா. கார்லதான் வருவா” என்றார் அப்பா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மூன்றாம் முயற்சி: அவர் தலையணையைத் திருடிவந்தேன். அவர் தீவன மூட்டைமேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். இப்போது தலையணை என் கட்டிலில் இருக்கிறது. மீன் வாடை. திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஜூலை 15

நான்காவது: கெராம்பா ஓரத்தில் நின்று, “அப்பா, ஐயோ” என்று கத்தித் தண்ணீரில் விழுந்தேன்.

அதைப்பற்றி எழுதப்போவதில்லை. அவர் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. தூக்கி மேலே போட்டுவிட்டு என் காதைத் திருகினார். காது இன்னும் எரிகிறது. அப்புறம் அவரே ஓரமாகப் போய் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் நடுங்கினார்.

டிசம்பருக்குப் பிறகு என்னை ஒருவர் அடித்தது இன்றுதான். நல்ல அறிகுறி என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 17

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தீவன அறையில் கடைசி மூட்டையை இழுத்தேன். சுவர் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. உள்ளே அண்ணனின் ரப்பர் செருப்பு, ஜோடி. நீல வார். இடதுகால் வார் அறுந்து, பச்சை வலைநூலால் கட்டியிருந்தான். அவன் போடும் முடிச்சு, எறும்புக்குத் தலைப்பாகை கட்டின மாதிரி இருக்கும். மேலே மஞ்சளாகத் தீவனத் தூள்.

பழையது, வேண்டாம் என்று மாட்டி வைத்திருப்பான்.

இடதுகால் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். துறையின் அடியில், பாசி மண்டிய தூணோரம், கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்கி வைத்திருக்கிறேன். ஏன் என்று எழுதமாட்டேன். எழுதினால் பலிக்காது.

ஜூலை 19

டீச்சர் கட்டுரைக்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் கடல் தாண்டி இந்தியா வரைக்கும் போய் விழுந்ததாம். இன்றும் அங்கே ஆற்றங்கரை மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம். ஆக, இந்த ஏரி முதலில் தன் சாம்பலை நம்ம ஊருக்கு அனுப்பியிருக்கிறது. நாம் பின்னால் வந்து சேர்ந்தோம். சாம்பலைக் கரைக்க ஆட்கள் தண்ணீரைத் தேடிப் போவார்கள். இங்கே தண்ணீர் ஆகப்போகிற இடமே சாம்பலை அனுப்பி வைத்திருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னால், “நீ வாயை மூடிட்டு மீனுக்குப் போடு” என்பான்.

ஜூலை 21

மீன் தீவனம் எடுக்கவில்லை. மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. தண்ணீரில் கெட்டுப்போன முட்டை வாடை. அப்பா இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை.

ஜூலை 23

ஏரி புரண்டுவிட்டது.

விடிந்து பார்த்தால் பன்னிரண்டு கூண்டும் வெள்ளை. எல்லா நிலாவும் வயிற்றைக் காட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு, அலைக்கு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வானத்துக்கு ஒரு நிலா போதும் என்று யார் சொன்னது என்று எழுத ஆரம்பித்தேன். முடிக்க வரவில்லை.

அப்பா ஒவ்வொரு கூண்டாக வலையை இழுத்து, மீனை ஒதுக்கி ஒதுக்கி, அடியில் பார்த்தார். ஒன்றாவது. இரண்டாவது. பன்னிரண்டாவதும் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்.

அம்மா துறையில் நின்றுகொண்டு பார்த்தாள். துலாங்கும் வந்தார். ஊரே வந்தது. யாரும் படகை எடுக்கவில்லை.

ஜூலை 24

நாற்றம் மலை வரைக்கும் போய்விட்டது. ஊர்க்காரர்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு வந்து கேட்கிறார்கள், மீனை எடுத்துப் புதைக்கவேண்டும், எப்போது. அப்பா காதில் விழவில்லை. இப்போது மீன்களைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் போடுகிறார். கை முழுக்கச் செதில் வெட்டு. கண் உள்ளே போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் அவரே அந்தத் தண்ணீரில் சரிந்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு ஜோக் இல்லை.

செருப்பை எடுத்தேன். நன்றாகப் பாசி பிடித்திருந்தது. ஏழே நாளில் ஏழு மாசத்துப் பாசி. ஏரி எனக்கு உடந்தை. சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். அவர் முதுகு திரும்பியதும் மூன்றாவது கூண்டில், செத்த மீன்களுக்கு நடுவே சொருகினேன். வார் தெரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், இப்படிச் சரிபார்த்ததில்லை.

“அப்பா, இங்க என்னமோ நீலமா.”

வந்தார். மண்டியிட்டார். மீன்களை விலக்கி எடுத்தார். தண்ணீர் சொட்டியது. கட்டைவிரலால் பாசியைத் தள்ளி, வாரைத் தேடி, பச்சை நூல் முடிச்சைப் பார்த்தார். அந்த முடிச்சின் மேலேயே விரல் நின்றது.

அப்புறம் என்னைப் பார்த்தார். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

“இந்தக் கூண்டுலதான் இருந்துச்சா?”

“ஆமாப்பா.”

“அடியில இருந்து வந்திருக்கு.”

“ஆமாப்பா.”

அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஈரக்கையால் என் தலையைத் தடவினார். என் தலைமயிரில் இப்போதும் மீன் செதில் இருக்கிறது.

“படகை எடும்மா. கரைக்குப் போலாம்.”

துறையில் ஏறியதும் செருப்பை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு, அவ்வளவு பேர் நடுவில், அப்பாவின் வெட்டுப்பட்ட கையைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“வந்துட்டாங்க” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

துலாங் எங்கள் வீட்டுக்குப் போய் அலமாரி மேல் இருந்த மூட்டையை எடுத்துவந்தார்.

ஜூலை 26

நேற்று மீனையெல்லாம் வாரி மேட்டில் குழி வெட்டி மூடினார்கள். ஊரே வந்து வேலை செய்தது.

இன்று அண்ணனுக்கு.

துலாங் காப்பி மரத்தில் ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தார். அம்மா வீட்டு ஆட்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில், ஏரி தெரிகிற சரிவில் குழி. அப்பா மேற்சட்டை இல்லாமல் நின்றார். இடதுகால் செருப்பைப் பெட்டிக்குள் வைத்தார். பாசியைக் கழுவவில்லை.

பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து, அதிலிருந்து வலதுகால் செருப்பை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தார். காய்ந்த செருப்பு. மஞ்சள் தீவனத் தூள் அப்படியே இருந்தது. இரண்டையும் குதிகால் ஒட்டி நேராக்கினார், வாசலில் விடுகிற மாதிரி.

“ஜோடியா போட்டுக்கட்டும்” என்றார்.

தீவன அறையில், அந்த ஆணியில் பை எப்படிப் போனது, அதை மாட்டியது யார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப்போவதும் இல்லை. துலாங் துணியை விரித்து, ஓரங்களை இழுத்து, பையனுக்குக் குளிருமோ என்பதுபோலச் சுற்றிச் செருகினார். செருகிவிட்டு அழுதார். ஏழு மாசம் வைத்திருந்த அழுகை, துணியோடு சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அப்பா வாய்க்கரிசி போட்டார். அம்மாவும் போட்டாள், இடது கையா வலது கையா என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு. பிறகு அம்மா ஜெபம் சொன்னாள்.

அம்மா ‘ஆமென்’ சொல்லும்போதெல்லாம் நானும் அண்ணனும், “ஆ, மீன்! எங்கே?” என்று தேடுவோம். சர்ச்சில் அதற்காக எத்தனையோ தடவை கிள்ளு வாங்கியிருக்கிறோம். இன்று அம்மா ஆமென் என்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், வேறு சத்தம் வந்தது.

ஆக, என் வாழ்நாளின் மிகப் பெரிய ஏமாற்று வேலை வெற்றி. அப்பா வீட்டில் தூங்குகிறார். தலையணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 29

காற்று நின்றுவிட்டது. ஏரி ஒன்றும் தெரியாத மாதிரி நீலமாகக் கிடக்கிறது.

வலைகளைக் கழுவவேண்டும் என்று அப்பா கூப்பிட்டார். துறையில் செருப்பைக் கழற்றினேன். அவரும் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து, முதல் தடவை பார்ப்பவர் மாதிரி, அண்ணனின் பலகையை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார்.

“செருப்போடு கெராம்பா ஏறுகிறவன் கழுதை.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. திருகின காது.

“நம்ம வீட்டுல ஒருத்தரும் கழுதை கிடையாது, தமா” என்றார் அப்பா. “அவன் ஒரு நாளும் போட்டுக்கிட்டு ஏறினதில்ல. அன்னிக்கும் இங்கதான் கழட்டி வச்சிட்டுப் போனான்.”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகில் இறங்கி, நான் ஏறுவதற்காகத் துறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

ஏறினேன்.